கஞ்சியில் வெந்த வேர்

முதலில் உதடு மரத்தது, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் நாக்கும் மரத்தது. பிறகு விரல் நுனிகள். வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது.

கர்க்கிடகத்தில், அதாவது நம் ஆடியில், மருந்துக் கஞ்சி குடிப்பது திருவனந்தபுரத்து வழக்கம். வலியசாலையில் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த வருஷம் என் பங்கில் மட்டும் ஒரு வேர் கூடுதலாக வெந்தது. என் கணவரின் அக்கா புருஷன், நாங்கள் அத்திம்பேர் என்று கூப்பிடுகிறவர், சீனாவில் வேலை பார்க்கும் மகனிடம் போய்விட்டு வந்தபோது என் முட்டிவலிக்கென்று வாங்கிவந்தது.

"அங்கே எல்லாரும் சூப்பிலே போட்டுச் சாப்பிடறா. வேர்தானே, சைட் எஃபெக்டே கிடையாது" என்றார். நானும் நம்பி, சின்னக் குக்கரில் அரிசியோடு போட்டு, சீக்கிரமே இறக்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி.யைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (இதயத்தின் கீழறைகள் கட்டுப்பாடில்லாமல் வெகுவேகமாகத் துடிப்பது).

"எந்தா கழிச்சது?" (என்ன சாப்பிட்டார்?) என்று என் கணவரிடம் மலையாளத்தில் கேட்டார்.

"கர்க்கிடகக் கஞ்சி, டாக்டர்."

"அதில் வேறெ மருந்து வல்லதும் இட்டோ?" (வேறு மருந்து ஏதாவது போட்டீர்களா?)

என் கணவர், கூட வந்திருந்த அத்திம்பேரைப் பார்த்தார். "ஏய், ஒண்ணும் இல்லா, சாதாரணக் கஞ்சியாணு" என்றார் அத்திம்பேர். என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு நினைவு தப்பவில்லை. இந்த விஷத்தின் கொடுமையே அதுதான். எல்லாம் காதில் விழுந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷர் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிறார். டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். தடித்த நாக்கால் "வேர்... சீனா வேர்... அத்திம்பேர்" என்று உளறினேன். டாக்டரம்மா குனிந்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அத்திம்பேருக்கு வாய் வந்தது. மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால்தான் விஷம் குறையும் என்று கடைக்காரர் எச்சரித்திருக்கிறார். மகன் அதை வார்த்தை விடாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறான். "சொன்னா பயந்துண்டு சாப்பிடமாட்டாளேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அது அகோனைட் (நம் பக்கத்தில் நாபி என்று சொல்லும் நச்சுக் கிழங்கின் இனம்). முறிவு மருந்து கிடையாது. துடிப்பை அடக்கும் மருந்தை ஏற்றி, நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்து, உடம்பு விஷத்தைக் கழிக்கும்வரை என்னைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிழைத்தேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு கணவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்திம்பேரை வெச்சுண்டு எப்படிடீ சொல்றது? அவர் மனசு நோகாதா?"

வாழ்நாளில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டால், கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றாலும், அவர் உங்கள் மாமனாரே ஆனாலும், சொல்லித் தொலையுங்கள். மிச்சம் இருப்பதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

நெஞ்சு இப்போது சரியாக இருக்கிறது. முட்டிவலியும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எதைச் சாப்பிட்டாலும் முதல் வாய்க்குப் பிறகு உதட்டில் விரலை வைத்து, உணர்வு இருக்கிறதா என்று காத்திருக்கிறேன். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். என் சோறு ஆறிப்போகிறது.

இந்தக் கர்க்கிடகத்தில் அத்திம்பேர் வந்தார். "பழசையெல்லாம் இப்போ எடுக்காதே" என்று கணவர் சமையலறைக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் எடுக்கவில்லை. எல்லாருக்கும் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன்.

அத்திம்பேர் ஸ்பூனால் அடிவரை கலக்கிப் பார்த்தார். "இதுல என்னல்லாம் போட்டிருக்கே?"

"சாதாரணக் கஞ்சிதான், அத்திம்பேர்."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து, என் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் விழுங்கி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.