கறுப்பு வெள்ளையில் பார்த்த ஆரத்தி

எங்கள் அலுவலகச் சமையலறையின் வெள்ளை மேசையில் ஒரு கறை இருந்தது. உள்ளங்கை அகலம். முதல் நாள் பார்த்தவர்கள் யாரோ கையை வெட்டிக்கொண்டதாக நினைத்தார்கள். அப்புறம் மெல்ல வெளிறி மஞ்சளாகிப் போனது. துப்புரவுக்கு வரும் மலாய்க்கார அம்மா எதை எதையோ ஊற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதன்மேல் பிஸ்கட் டின்னை வைத்து மறைத்துவிட்டார். கறைக்குக் காரணம் எங்கள் லீடர் அக்கா. அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் மேலதிகாரிகள்கூட அவரை 'லீடர் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். 'அக்கா' என்பதும் பதவியின் ஒரு பகுதி என்று அவர்களில் சிலர் நினைத்திருக்கக்கூடும்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் குழு உட்கார்ந்திருந்தது. ஜன்னலைத் திறக்க முடியாது, ஆனால் கழுத்தை நீட்டினால் கடல் கொஞ்சம் தெரியும். பொதுமக்கள் இணையத்தில் ஏற்றும் காணொளிகளில் அடிதடி, ரத்தம், விபத்து என்று எதுவும் இருந்தால், அதை எடுத்துவிடுவதா, எச்சரிக்கை போட்டு விடுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று முடிவு செய்வதுதான் வேலை. கணினி முதலில் சலிக்கும். அதற்குச் சந்தேகம் வந்தவை எங்களிடம் வரும். தமிழில் பேசுவதெல்லாம் எங்கள் குழுவின் தலையில். நாங்கள் குடியிருந்த டத்தோ கிராமாட்டில் என் அம்மா பக்கத்து வீட்டில் போய், "எம் பையன் வீடியோ பாக்கிறான், அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வருவார். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

லீடர் அக்கா ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். முன்பு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவர். மோட்டாரின் முன்கூடையில் எங்களுக்கெல்லாம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் இருக்கும். "பசியாறிட்டு ஸ்கிரீனத் தொறங்கலா. வெறும் வயித்துல இந்தக் கண்றாவியெல்லாம் பாக்காதீங்க" என்பார். சாப்பிடாதவன் திரையைத் திறந்தால் பின்னாலிருந்து ஸ்விட்சை அணைத்துவிடுவார். இவ்வளவுக்கும் எங்கள் வேகத்தை மேலே இருந்து யாரோ அளந்துகொண்டிருந்தார்கள்.

குழுவுக்கு அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. எந்தக் காணொளியானாலும் முதலில் ஒலியை அடைக்க வேண்டும். திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பார்த்தால் ரத்தம் வெறும் நிழலாகத்தான் தெரியும், இரவில் தூக்கம் வரும். "கண்ணுல பாத்தது ரெண்டு நாள்ல போயிரும் தம்பி. காதுல விழுந்துச்சுன்னா போகாது" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொன்னார். நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இல்லாத விதி இது. ஆனால் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதியும் இதுதான். பக்கத்து வரிசைகளில் மற்ற மொழிகளைப் பார்த்தவர்கள் விடுப்பில் போய்க்கொண்டேயிருந்த காலத்தில், எங்கள் வரிசையில் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்களில் எங்களுக்குப் பெரிய தலைவலி ஆரத்தி. பிரசவித்து வரும் தாய்க்கு, மணமக்களுக்கு, காவடி எடுத்துத் திரும்பியவருக்கு என்று நம்மவர்கள் எடுக்கும் எல்லாக் காணொளியிலும் வாசலில் சிவப்பாக ஏதோ கொட்டப்படும். கணினி அதை ரத்தம் என்று பிடித்துவிடும். நாங்கள் 'இது சடங்கு' என்று எழுதி அனுப்பினால், வேறு நாட்டிலிருந்த மேலதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார். பைராம் தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் கல்யாணக் காணொளியைத் திரும்பக் கேட்டு மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் லீடர் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டிலிருந்து பித்தளைத் தட்டு, மஞ்சள்தூள், சுண்ணாம்பு எல்லாம் கொண்டுவந்து, மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து, அந்த அதிகாரியை அழைத்தார். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தார். சுண்ணாம்பை விரலால் தொட்டுக் கலக்கினார். தண்ணீர் சிவந்தது. அதிகாரி திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். அக்கா இன்னொரு முறை செய்தார். உற்சாகத்தில் தட்டைச் சாய்த்துவிட்டார். கறை அப்படி வந்ததுதான்.

அடுத்த வாரம் எங்கள் விதிப்புத்தகத்தில் ஆரத்திக்கு ஒரு பத்தி கிடைத்தது. வாசல், தட்டு, சிவப்பு நீர் மூன்றும் இருந்தால் பண்பாட்டுச் சடங்கு, அனுமதிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பாய் கடையில் மீகோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொண்டாடினோம். தோட்டத்துப் பெண்ணின் கல்யாணத்தை நான்தான் மீட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கெட்டதையே பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கிய எங்களுக்கு, நடுவே நடுவே யாருடைய கல்யாணமோ யாருடைய குழந்தையோ வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் முழி, மாமியாரின் புடவை, எதையும் விடாமல் கிண்டல் செய்வோம். அந்த இடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் இன்னொரு கல்யாணக் காணொளி வந்தது; எந்த ஊரில் நடந்தது என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீடு. வாழைமரம் கட்டிய வாசல். மணமக்கள் உள்ளே வரும் நேரத்தில் ஏதோ தகராறு. மாப்பிள்ளையின் தம்பியை யாரோ குத்திவிட்டார்கள். பக்கத்தில் நின்றவன் கையில் கைப்பேசி இருந்திருக்கிறது, எடுத்திருக்கிறான், எடுத்ததை ஏற்றியும் இருக்கிறான். குறுகிய காணொளி, லீடர் அக்காவின் திரைக்குப் போனது. அவர் எப்போதும்போல ஒலியை அடைத்திருந்தார், கறுப்பு வெள்ளையில் பார்த்தார். வாழைமரம் தெரிந்தது. தட்டுடன் ஒரு பெண் நின்றாள். சிமெண்டுத் தரையில் கருமையாக ஏதோ ஓடியது. சுற்றிலும் கைகளைத் தூக்கிய கூட்டம். வாசல், தட்டு, சிவப்பு நீர். அனுமதித்துவிட்டார். மொழி தெரியாதவர் யாராவது பார்த்திருந்தால் ஒரே நொடியில் எடுத்திருப்பார். நம் வீட்டு வாசல்களை அறிந்த ஒருவரால்தான் அப்படித் தவற முடிந்தது.

அந்தப் பையன் மருத்துவமனையில் இறந்துபோனான். காணொளி கைமாறிக்கொண்டே இருந்தது. யாரெல்லாமோ புகார் செய்தார்கள். ஒரு முறை அனுமதிக்கப்பட்டுவிட்டதால், 'இது ஒரு பண்பாட்டுச் சடங்கு, விதிமீறல் இல்லை' என்ற பதில் எல்லோருக்கும் தானாகவே போனது. மறுநாள் ஒரு புகார் தமிழில் எழுதப்பட்டு வந்தது. அதை என் திரையில்தான் படித்தேன். "ஐயா, அது சடங்கு இல்லை. கீழே கிடப்பது என் பிள்ளை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்." நான் எழுந்துபோய் அக்காவைத் தோளில் தொட்டுக் கூட்டிவந்தேன். அவர் நின்றபடியே படித்தார். வண்ணத்தைத் திருப்பி வைத்தார். ஒலியைத் திறந்தார். அத்தனை நாளில் எங்கள் வரிசையில் ஒலி கேட்டது அன்றுதான். அந்தத் தாய் மகனைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

காணொளியை உடனே எடுத்தாயிற்று. மேலிடம் அத்தோடு விடவில்லை. ஆரத்திக்கான பத்தியை நீக்கிவிட்டு, சிவப்பு தெரிந்தாலே எடுத்துவிடச் சொன்னார்கள். அதே அதிகாரி, அதே அழைப்பு. அக்கா அழுதுகொண்டேதான் பேசினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. தப்புச் செய்தது நான், ஆரத்தி செய்யவில்லை, என்னை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பத்தி தப்பியது. இனி வண்ணத்தில் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தார்கள்.

ஆனால் அந்தக் காணொளி போகவில்லை. ஓரத்தை வெட்டி, இடவலம் மாற்றி, மேலே பாட்டுப் போட்டு மறுபடி மறுபடி ஏற்றினார்கள். ஏன் செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிந்தால் கோபம் குறைந்துவிடுமோ என்று யோசிப்பதையும் நிறுத்திவிட்டேன். அவற்றில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் பார்க்க அக்கா அனுமதிக்கவில்லை. எல்லாவற்றையும் தன் திரைக்கு வாங்கிக்கொண்டார். முழு வண்ணத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏங்கா, சவுண்ட வச்சுப் பாக்கிறீங்க, நீங்கதான வேணாம்னீங்க" என்று ஒரு நாள் கேட்டேன். "பாட்டுக்கு அடியில அந்தம்மா குரல் இருக்கும் தம்பி. அத வச்சித்தான் கண்டுபுடிக்கிறேன்" என்றார். நாசி லெமாக் வழக்கம்போல வந்தது. அவர் மட்டும் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு அந்த அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் வேலையை முழுக்கக் கணினியே செய்துகொள்ளும் என்றார்கள். நான் இப்போது காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். அங்கே என் திரையில் எண்கள் மட்டும்தான் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியாகத்தான் போகிறேன். மீகோரெங் சாப்பிடும்போது யாராவது மாமியார் புடவையைப் பற்றிப் பேச மாட்டார்களா என்று இருக்கிறது.

போன மாதம் அக்கா அழைத்தார். ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குப் போனேன். பால் விட்டுத் தே போட்டுக் கொடுத்துவிட்டு, கைப்பேசியை நீட்டினார். அந்தக் காணொளி, புதிதாக யாரோ ஏற்றியிருந்தார்கள். இன்னும் தேடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். அவர் புகார் செய்திருந்தார். விதிமீறல் இல்லை என்று பதில் வந்திருந்தது.

"நம்ம போட்ட முடிவெல்லாம் பாத்துத்தான தம்பி அந்தக் கம்ப்யூட்டர் படிச்சிருக்கும். நான் போட்டதயும் சேத்துத்தான்லா."

பழைய குழுவில் எங்களிடம் தொலைபேசி எண் இருந்த எல்லோரையும் அழைத்தோம். சிங்கப்பூருக்குப் போனவன், வீட்டோடு இருப்பவள், கிராப் டாக்சி ஓட்டுபவன், ஆளுக்கொரு புகார் போட்டார்கள். சாயங்காலம் ஆவதற்குள் காணொளி காணாமல் போயிருந்தது. எனக்கு ஒரு நிமிடம் பழைய வரிசையில் உட்கார்ந்திருந்தது போலிருந்தது. "போயிருச்சுக்கா" என்றேன்.

அவர் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

"அந்தம்மா இதப் பாத்திருப்பாங்களா?"

தெரியாது என்றேன்.

"பாத்திருந்தா ரிப்போர்ட் பண்ணியிருப்பாங்க தம்பி" என்றார். திரையை விரலால் மேலே தள்ளினார். "பண்ணியிருந்தா, அவங்களுக்கும் அதே பதில்தான போயிருக்கும்."

ஆறிப்போன தேயைக் குடித்து முடித்தேன். அவர் வேறு பிரதி எதுவும் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்திருந்தார்.