ஓய்வெடுத்துத் திரும்பிய நெஞ்சு

மாம்பழ நிறச் சேலைக்கு மாம்பழ நிற உறை, கிளிப்பச்சைக்குக் கிளிப்பச்சை. தோளில் தொங்கும் பேட்டரிப் பைக்கு அன்றைய சேலைக்குத் தோதான உறை மாட்டாமல் சண்முகவடிவு தி. நகர் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்ப மாட்டார். எல்லாம் ரவிக்கைத் துணி மிச்சத்தில் அவரே தைத்தவை.

பையிலிருந்து ஒரு வயர் வயிற்றுக்குள் போகும். பலவீனப்பட்ட இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைத் தள்ளும் சின்ன பம்ப் உள்ளே இருந்தது. வாடிக்கையாளர்கள் உற்றுப் பார்த்தால், "என் நெஞ்சுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆளு வச்சிருக்கேன். நீங்க அரக்கு பார்டரைப் பாருங்க தாயி" என்பார். பம்ப் துடிக்காமல் ஒரே சீராகத் தள்ளுவதால் நாடி தெரியாது; புது நர்ஸ் ஒருத்தி அதைத் தேடித் திகைத்தபோது, "தேடாதிய, அது லீவுல போயிருக்கு" என்று சிரித்தார்.

மாற்று இதயத்துக்காகக் காத்திருந்தவரை ஒருநாள் சோதித்தார்கள். பம்ப்பின் வேகத்தைக் குறைத்தும், ஓய்வில் தேறியிருந்த இதயம் தானே தாக்குப்பிடித்தது. பம்ப்பை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எல்லோருக்கும் வாய்க்காத அதிர்ஷ்டம்தான்.

"எடுத்தப்புறம் மறுபடி மக்கர் பண்ணுனா?"

பண்ணாது என்று டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்று கடையில் சண்முகவடிவு அரக்கு பார்டர் கேட்டவருக்குப் பச்சை பார்டரை எடுத்துப் போட்டார். மறுநாள் காலை போன் செய்து, "எடுங்க" என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து, அதே மருத்துவமனையில் இதயத் திசுவை ஆராயும் இஃப்ரா அவரை அழைத்தாள். பம்ப் வைத்தபோது ஒரு துணுக்கு, எடுத்தபோது ஒரு துணுக்கு என்று இரண்டையும் அவர் சம்மதத்தோடு ஒப்பிட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, உங்க இதயம் திணறினப்போ சில ஜீன்கள் அளவுக்கு மீறி வேலை செஞ்சுது, சிலது அடங்கிப் போச்சு. பம்ப் பாரத்தை வாங்கிக்கிட்டதும் நிறைய ஜீன்கள் பழைய நிலைக்குப் பக்கத்துல வந்துடுச்சு."

"எல்லாமா?"

"இல்ல. சிலது அப்படியேதான் இருக்கு. ஏன்னு தேடிக்கிட்டிருக்கோம்."

"இருந்துட்டுப் போவுது. என் வீட்டுலயும் எல்லாருமா சொன்ன பேச்சு கேக்காவ?"

இஃப்ரா சிரித்துவிட்டாள். பம்ப் எடுத்தபோது வெட்டிய துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். சண்முகவடிவு ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார். இளஞ்சிவப்பு இழைகள் நெருக்கமாக ஓடின.

"ஏயப்பா! என்னா ரோசாக் கலரு!"

நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் இரண்டு கைகளாலும் மைக்ராஸ்கோப்பை மேலிருந்து கீழாக வழித்து, விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து, சடசடவென்று நெட்டி முறித்தார்.