செல்வராணி அக்கா வேண்டாம் என்ற மைக் செட்

செல்வராணி அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே.

எனக்குச் செய்தி வந்தது ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். அக்கா போட்டோ, இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு, பின்னால் அழுகிற வயலின். அந்த வயலினைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த காலேஜ் ஆபீஸில் அக்கா எனக்கு அடுத்த சீட். ஊர் கீழப்பழுவூர். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் சேர்ந்துகொள்வோம். அங்கிருந்து பெரம்பலூர் வரை ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே சீட்.

பாட்டுப் பிடிக்காதவர் என்று ஆபீஸில் பேர் வாங்கியிருந்தார். அது தப்பு. பாட்டு என்றால் உயிர். கேட்காதவன் காதில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் ஆகாது.

ஒருநாள் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கேக்குறாங்கல்லம்மா" என்றார் அவர்.

"யாரு கேட்டா? கை தூக்கச் சொல்லுங்க பாப்போம்."

பின்சீட்டில் ஒரு பெரியவர் மட்டும் கையைத் தூக்கினார். "நான் கேக்குறேன்மா. நல்ல பாட்டு."

அக்கா திரும்பிப் பார்த்தார். "சரிங்க. நீங்க எறங்குற வரைக்கும் ஓடட்டும்."

பெரியவர் இறங்கிய மறுநிமிஷம் எழுந்து போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். நிறுத்தினார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது யாராவது போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் போச்சு. "முழுப் பாட்டைப் போடு, இல்ல நிறுத்து. பத்து வூட்டுச் சோத்துல ஒவ்வொரு வாய் அள்ளித் தின்னா அது சாப்பாடாடி?"

என் காலர் டியூனும் அவருக்கு ஆகாது. "உன் வூட்டு வாசல்ல நின்னு கூப்புட்டா நீ வரணும் கலா. எவனோ ஒருத்தன் வந்து பாடிட்டு நிக்குறான்." நான் அந்த டியூனை எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும். கடைசி வரை அவர் அதைத் திட்டினார், நானும் கடைசி வரை மாற்றவில்லை.

கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கக்கூட விடாத பாட்டுக் கச்சேரி, ரிவர்ஸ் எடுக்கும்போது ராகம் பாடுகிற கார்... எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு திட்டு தனித்தனியாக உண்டு. சிலநாள் எனக்கே அலுத்துப்போகும்.

ஆனால் ஒரு விஷயத்தை விளையாட்டாகச் சொல்லவில்லை.

கூட வேலை பார்த்த ஒருவரின் அப்பா இறந்து, துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் தெரியுமே... சாவு விழுந்தால் முதலில் வருவது மைக் செட். மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பதிவு பண்ணின ஒப்பாரியைப் போட்டுவிடுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் காது அடைத்துப் போயிருந்தது.

"நான் போனா குழாய் கட்ட விடாதடி. யாரு நெஜமா அழுவுறா, யாரு சும்மா மூக்கை உறிஞ்சுறான்னு எனக்குக் கேக்கணும்."

சிரித்தோம். பிறகு அவர் சிரிக்காமல் இன்னொரு தடவை சொன்னார். வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார்.

நேற்று கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டது. தெருவுக்கே நான் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா மகன் குமாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெரியும்க்கா. அம்மா எங்கிட்டயும் சொல்லியிருக்கு. செட்டு இல்லாம தூக்குனா நாதியத்த சாவும்பாங்க. நாளைக்கு நான் இந்தத் தெருவுலதானே நடக்கணும்?"

அழுது வீங்கின முகத்தோடு நின்றான். அவனிடம் என்ன சண்டை போடுவது?

செட்காரரிடம் போனேன். கொஞ்சம் குறையுங்கள் என்றேன்.

"கொறைச்சா செட்டு ரிப்பேர்னு சொல்லிடுவாங்கம்மா. என் பேரு கெட்டுடும்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். குழாயில் யாரோ ஒருவர் யாருடைய தாய்க்கோ பாடிக்கொண்டிருந்தார். அக்கா தலைமாட்டில் அவர் கூடப்பிறந்த பெரியக்கா, ஏலாக்குறிச்சியிலிருந்து வந்தவர், மார்பில் அடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுதார். வாய் அசைந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

திடீரென்று ஒப்பாரி அறுந்து, ஒரு பெண் குரல் உற்சாகமாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. செட்காரர் போனிலிருந்து யூடியூபில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். விளம்பரம். பதறிப்போய் சத்தத்தை அடியோடு குறைத்தார்.

அப்போதுதான் கேட்டது.

"...நான் குடுத்த மாங்கா ஊறுகாயை இன்னும் தொறக்கக்கூட இல்லையேடி ராணி... அப்புடியே வச்சிருக்கியேடி..."

உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் உடைந்தார்கள். அதுவரை சும்மா இருந்த அக்காவின் வீட்டுக்காரர் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். நான் நன்றாக அழுதேன்.

விளம்பரம் முடிந்தது. குழாய் திரும்ப அலற ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு விளம்பரம்.

"...போன வாரம் வரேன்னுதானேடி சொன்ன... வந்திருந்தீன்னா..."

அதற்குள் பாட்டு வந்துவிட்டது. வந்திருந்தால் என்ன என்று எனக்குத் தெரியாது.

தூக்குகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அடுத்த விளம்பரம் எப்போது வரும் என்று.

போங்கக்கா. அங்கேயாவது எந்த மரத்திலும் யாரும் குழாய் கட்டாமல் இருக்கட்டும்.