நூர்ஜஹானின் ஐந்தரை மணி நேரம்

போன செவ்வாய்க்கிழமை காலை, கட்டுரை ஒன்றைப் பிரின்ட் எடுக்கத் தவளக்குப்பம் ஜங்ஷனுக்குப் போனேன். டைப்பிங் கடை நூர்ஜஹான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

“மூணாவது தபாவும் லேட்டாம்ணே. இனிமே வேலையே குடுக்க மாட்டாங்களாம்!”

டவுனில் ஒரு பதிப்பகம். அவர்கள் தரும் கையெழுத்துப் பிரதியை டைப் அடித்து, மாலை ஐந்து மணிக்குள் எஃப்.டி.பி. சர்வரில், அதாவது இணையத்தில் உள்ள ஒரு ஃபைல் கிடங்கில், ஏற்றிவிட வேண்டும். அங்கிருந்து அலுவலகக் கம்ப்யூட்டர் தானாகவே இழுத்துக்கொள்ளும். மூன்று முறை தாமதமானால் வேலை கட். கடையின் பாதிப் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

முந்தைய நாள் நாலு பத்துக்கே ஏற்றியிருக்கிறார். அலுவலகத்திலோ இரவு 9.40 என்று காட்டுகிறதாம்!

“அந்நேரம் நான் வூட்ல மாவு அரைச்சினு இருந்தேன்ணே...”

இதற்கு முன் இரண்டு முறை இதே புகார் வந்தபோது? ‘நம்ம சிஸ்டம்தான் மக்கர் பண்ணியிருக்கும்’ என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நாம் எல்லோருமே அப்படித்தானே? கம்ப்யூட்டர் ஒன்று சொல்லிவிட்டால், சொந்தக் கண்ணையே சந்தேகப்படுவோம். எனக்கே கோபமாக வந்தது.

இந்த முறை நூர்ஜஹான் விடுவதாக இல்லை. சர்வரைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். 4.10. அலுவலகம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அதே ஃபைல், 9.40. பழைய இரண்டு ஃபைல்களையும் ஒப்பிட்டார். எல்லாவற்றிலும் ஐந்தரை மணி நேர வித்தியாசம்... ஒரு நிமிஷமாவது கூடவோ குறையவோ வேண்டாமா?

ஐந்தரை! கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. சர்வர் ஒழுங்காக நம்மூர் நேரத்தைத்தான் குறித்திருக்கிறது. அலுவலக சாஃப்ட்வேர் அதைக் கிரீன்விச் நேரம் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு ஐந்தரையைக் கூட்டியிருக்கிறது. பழி மட்டும் நூர்ஜஹான் தலையில்.

உடனே ஒரு ஃபைலை ஏற்றிவிட்டு, பதிப்பக மேனேஜருக்குப் போன் போட்டார் — ஸ்பீக்கரில்.

“சார், இப்பதான் ஒரு ஃபைல் ஏத்தினேன். உங்க சிஸ்டத்துல எத்தினி மணினு காட்டுது?”

“சாயங்காலம் நாலு.”

“இப்ப மணி இன்னா சார்?”

கடைச் சுவர்க் கடிகாரத்தில் காலை பத்தரை.

“சரிம்மா... மூணு லேட்டையும் எடுத்துடறேன். வேலை அனுப்பறேன். இத்தோட விடும்மா.”

“எப்டி சார் விடறது? செய்யாத தப்புக்கு ரெண்டு தபா மன்னிப்புக் கேட்டேனே... அதத் திருப்பிக் குடுங்க!”

வேலை அன்றைக்கே வந்துவிட்டது. மன்னிப்புதான் நாலு நாள் லேட்... அவர்கள் கம்ப்யூட்டர் கணக்குப்படி, நாலு நாளும் ஐந்தரை மணி நேரமும்!