இடுப்பளவும் இலட்சியமும்

"கையைத் தூக்கும் பிள்ளை. ஆ, காணும். இனி இறக்கும். விருப்பமான சாப்பாடு என்ன?"

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்துப் போவார்கள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன வேலை? கேதீஸ்வரி அதைக் கண்டுகொள்ள மாட்டார். கழுத்தில் அளவுநாடா, கொண்டையில் பென்சில், வாயில் இரண்டு குண்டூசி. பென்சிலை உருவி, மேசையில் விரித்துக் கிடக்கும் கொப்பியில் குனிந்து நிற்பார். பதில் வராமல் நிமிர மாட்டார்.

"புட்டும் மாம்பழமும்."

"நிறம்?"

"நாவல்."

"லட்சியம்?"

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், ஸ்ரேசனுக்குப் போகிற ஒழுங்கையில் இருக்கிறது அவரது கடை. பெயர்ப்பலகை இல்லை. காற்று திரும்பினால் வெங்காய மணம் உள்ளே வரும். மறுபடி திரும்பினால் போய்விடும். இரண்டு மெசின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, அந்தக் கண்ணாடியின் ஓரமெல்லாம் வாடிக்கைக்காரர் ஒட்டி மறந்துபோன பொட்டுகள். இவ்வளவுதான் கடை. ஆனால் அலுமாரியில் பத்தொன்பது தடித்த மட்டைக் கொப்பிகள் இருக்கின்றன. தோள் பதின்மூன்றரை, கை ஆறு, இடுப்பு முப்பத்திரண்டு என்று எழுதி, அதற்கு நேர் கீழே நிறம், சாப்பாடு, இலட்சியம் என்று எழுதிய கொப்பிகள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கணவனுக்குச் சொல்லாதது, தாய்க்குச் சொல்லாதது எல்லாம் அதில் கிடக்கிறது. தாதியாக வேண்டும். கனடா போக வேண்டும். கனடாவிலிருந்து திரும்பி வர வேண்டும். ஒருநாள் முழுக்க ஒருத்தரும் எழுப்பாமல் நித்திரை கொள்ள வேண்டும். மாமிக்கு முன்னால் ஒருதரமாவது காலுக்கு மேல் கால் போட்டு இருக்க வேண்டும். அம்மாடி, எத்தனை வகை!

"இவவின்ரை கொப்பியை ஆரும் களவெடுத்தால் அரைவாசிச் சுன்னாகத்தை வெருட்டலாம்" என்பார் அவர் கணவர். சந்தையில் வெங்காயம் ஏலம் கூறிக் கூறித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

இரண்டாந்தரம் வருகிறவர்களோடுதான் உண்மையான கூத்து. கேதீஸ்வரி பழைய பக்கத்தைத் தேடி எடுப்பார். நாடாவைச் சுற்றுவார். "இடுப்பு ரெண்டு இஞ்சி கூடிப்போச்சு பிள்ளை. லட்சியம் அப்பிடியே தானோ?" குருநகரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஜெனிற்றா ஒருமுறை ‘கார் ஓட வேண்டும்’ என்று சொல்லியிருந்தார். மூன்று வருடம் கழித்து நத்தாருக்குச் சட்டை தைக்க வந்தபோது, "ஸ்கூட்டி வாங்கிட்டன் அக்கா, அது காணும்" என்று சிரித்தார். கேதீஸ்வரி சிரிக்கவில்லை. பழைய வரியைக் கோடிட்டு வெட்டாமல், பக்கத்தில் ‘அரைவாசி’ என்று மட்டும் எழுதி வைத்தார்.

அவரிடம் வேறு குணங்களும் உண்டு. ஊசியைக் கையில் கொடுக்க மாட்டார், மேசையில்தான் வைப்பார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பார். தையற்காரருக்கு உரிய குணம் ஒன்று அவரிடம் அறவே இல்லை: சொன்ன நாளுக்குப் பிந்த மாட்டார். வெள்ளி என்றால் வியாழன் பின்னேரமே மினுக்கி மடித்து வைத்துவிடுவார். "ஒருக்காப் பிந்தினது எனக்குச் சீவியத்துக்கும் காணும்" என்பார். என்ன பிந்தியது என்று சொல்ல மாட்டார். அதோடு, திங்கட்கிழமைக்கு ஒருவருக்கும் தவணை கொடுக்க மாட்டார். ஞாயிறு கேளுங்கள், செவ்வாய் கேளுங்கள், திங்கள் மட்டும் கூடாது. அக்கா சோமவார விரதம் போல என்று சனங்கள் தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமைகளில் அவர் நெத்தலிப் பொரியலோடு சோறு தின்பதைக் கண்டவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள்!

விஷயம் விரதமல்ல. அலுமாரியின் அடித்தட்டில், கொப்பிகளுக்கும் கீழே, பொலித்தீன் பையில் சுற்றிய ஓர் ஓட்டோகிராப் புத்தகம் இருக்கிறது. அது கேதீஸ்வரியுடையது அல்ல.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பன்னிரண்டு பெட்டைகள் ஒரே ரியூசன் கொட்டிலில் இருந்தார்கள். பிரியப் போகிறோம் என்று ஓட்டோகிராப் எழுதுகிற காலம். ஒருத்தியின் புத்தகத்தை இன்னொருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிக்கொண்டு வருவாள். அதுதான் வழக்கம். மல்லாகத்து உதயகலாவின் புத்தகம்தான் எல்லாவற்றிலும் வடிவு. ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிக் கேள்வி எழுதியிருந்தாள். விருப்பமான நிறம், விருப்பமான சாப்பாடு, பிடிக்காதது, மறக்க முடியாத நாள், இலட்சியம். முதற்பக்கத்தில் தன்னுடைய பதில்களையே எழுதி வைத்திருந்தாள்.

பதினாறு வயதுக் கேதீஸ்வரி அதைச் செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொண்டு போனாள். நிறம் பச்சை என்று எழுதினாள். சாப்பாடு ஒடியற்கூழ். பிடிக்காதது பாகற்காயும் கணக்கும். இலட்சியத்தில் வந்து பேனை நின்றுவிட்டது. மற்றப் பெட்டைகளின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். டொக்டர், டொக்டர், வக்கீல், ரீச்சர், டொக்டர். புதன் போனது, வியாழன் போனது. "எழுதிட்டியோடி?" என்று உதயகலா ஒவ்வொரு நாளும் கேட்டாள். வெள்ளிக்கிழமை கேதீஸ்வரி அடித்துச் சொன்னாள்: "திங்கட்கிழமை கட்டாயம் தாறன்."

அந்தத் திங்கட்கிழமை ரியூசன் இல்லை. சண்டை கிட்ட வந்துவிட்டதென்று ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழைக்குள், சைக்கிளும் மூட்டையும் ஆடுமாடுமாக, அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து மர வாங்கில் வைத்துப் பையை அவிழ்த்த தாய் கத்தினார். "அடியே, உன்ரை பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கை? இதென்ன, ஆற்றையோ புத்தகத்தைக் காவிக்கொண்டு வந்திருக்கிறாய்!" கேதீஸ்வரியின் சொந்த ஓட்டோகிராப் வீட்டு மேசையில் கிடந்து போனதுதான். திரும்பி வந்தபோது மேசையும் இல்லை.

உதயகலாவின் குடும்பம் வன்னிக்குப் போனது. பிறகு அவள் சுவிசுக்குப் போய்விட்டாள் என்று ஆரோ சொன்னார்கள். கேதீஸ்வரி மறுவருடம் ஊருக்குத் திரும்பினார், தையல் பழகினார், கலியாணம் கட்டினார், கடை போட்டார். முதன்முதலில் அளவெடுக்க நின்ற பெண்ணிடம் தன்னையறியாமல் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தான் எழுதலாம் என்பது அவர் எண்ணம். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். இத்தனை பேரைக் கேட்டாரே, ஒருவராவது திருப்பி அவரைக் கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. நாடா பிடிக்கிறவரை ஆர் கேட்கப் போகிறார்கள்!

போன மாதம் தர்சிகா என்றொரு பெண் கலியாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். வவுனியாவில் வளர்ந்தவர். மல்லாகத்துப் பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இப்போதுதான் குடும்பமாக வந்திருக்கிறார்கள். நிறம் இளம் ரோசா, சாப்பாடு கொத்துரொட்டி, இலட்சியம் ஒரு நாய் வளர்ப்பது. "மாமிக்கு நாயெண்டால் பயமாம் அக்கா. பாப்பம்" என்றார். பிறகு, "என்ரை சித்தி ஒராள் சுவிசிலை இருந்து வாறா. அவவுக்கும் ஒரு சட்டை அவசரமாத் தைக்க வேணும். உதயகலாச் சித்தி" என்றார்.

கேதீஸ்வரி அந்தப் பிள்ளையின் தோளை மூன்றுதரம் அளந்தார். மூன்றுதரமும் அளவு மனதில் நிற்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவர் அவராக இல்லை. புத்தகத்தை எடுத்து மெசினில் வைப்பார். பேனையைத் திறப்பார், மூடுவார். கணவருக்குப் பொறுக்கவில்லை. "உதுக்கேன் இவ்வளவு யோசினை? தையல் எண்டு எழுதிப்போட்டுக் குடன்."

"அது வேலையப்பா. லட்சியமில்லை."

பத்தொன்பது கொப்பியையும் இறக்கி, இரவல் வாங்கத் தோதாக ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பார்த்தார். எல்லாம் அவரவர் அளவுக்குத்தான் இருந்தது. புதன்கிழமை பென்சிலால் ஒன்று எழுதி அழித்தார். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டார்: "எழுதாமல் குடுக்கிறதும் ஒருமாதிரிக் கிடக்கு. அதைவிட, ‘எந்தப் புத்தகம்?’ எண்டு அவள் கேட்டிட்டாள் எண்டால் நான் என்ன செய்யிறது?" கணவர் அவருக்கு ஒரு துண்டு பனங்கட்டி உடைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தர்சிகாவோடு ஒரு பெண் படியேறி வந்தார். கட்டையாக வெட்டிய தலைமயிர், முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடை. "வணக்கம் அக்கா, வாற புதன் கலியாணம், அதுக்கிடையிலை ஏலுமோ?" என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்குக் கேதீஸ்வரியை அடையாளம் தெரியவில்லை. தெரியாதுதானே. ரெட்டைப் பின்னலும் ஒட்டின கன்னமுமாக விட்டுப்போன ஆளை, மூக்குக் கண்ணாடியும் நரையுமாக நிற்கிற ஆளில் எப்படிக் காண்பது?

"கையைத் தூக்குங்கோ" என்றார் கேதீஸ்வரி. கழுத்திலிருந்த நாடாவை உருவினார். தோள், கை, மார்பு, இடுப்பு எல்லாம் எடுத்தார். கொப்பியில் குனிந்தார். "விருப்பமான நிறம்?"

தர்சிகா சிரித்தார். "நான் சொன்னனானெல்லோ சித்தி, அக்கா உப்பிடித்தான் கேப்பா."

"நிறமோ? மஞ்சள்..."

"சாப்பாடு, நண்டுக் குழம்பு" என்றார் கேதீஸ்வரி, குனிந்தபடியே. "பிடிக்காதது உப்புமா. மறக்க முடியாத நாள், சைக்கிளோடை வாய்க்காலுக்கை விழுந்த நாள். லட்சியம், பிளேன் ஓடுறது."

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"கேதி?"

கேதீஸ்வரியால் நிமிர முடியவில்லை. கண் முட்டிவிட்டது. அடித்தட்டிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தார்.

"எடி எருமை!" உதயகலா போட்ட சத்தத்தில் ஒழுங்கையால் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ரை ஓட்டோகிராப்! திங்கட்கிழமை கட்டாயம் தாறன் எண்டெல்லோ சொன்னனி!"

மறக்கவில்லை. நாளைக்கூட மறக்கவில்லை. கேதீஸ்வரி சிரித்தாரா அழுதாரா என்று தர்சிகாவுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் நடந்தது. "பிளேன் ஓடினியோ?" என்று கேட்டார். "எங்கையடி ஓடுறது, ஏறி இருந்ததுதான். ஆஸ்பத்திரி ஒண்டிலை சமையல்" என்றார் உதயகலா. கேதீஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறக்காமல் கொப்பியில் ‘அரைவாசி’ என்று எழுதினார்.

உதயகலா பக்கங்களைப் புரட்டினார். சிலவற்றுக்குச் சிரித்தார். இரண்டு பக்கங்களில் பெயரை விரலால் தடவிவிட்டுத் திருப்பினார். கடைசியாகக் கேதீஸ்வரியின் பக்கம் வந்தது.

"உதென்ன, லட்சியம் வெறுமையாக் கிடக்கு? முப்பது வருசம் காணாதோ உனக்கு?"

"இருந்ததடி. எழுத வெக்கமாக் கிடந்தது." கேதீஸ்வரி கழுத்திலிருந்த நாடாவின் நுனியைச் சுருட்டினார், விரித்தார். "நீங்கள் எல்லாரும் டொக்டர், வக்கீல், பிளேன் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள். எனக்கு அப்ப ஒரேயொரு ஆசைதான். நாங்கள் பன்னிரண்டு பேரும் அந்தக் கொட்டிலிலை அப்பிடியே இருக்க வேணும், ஒருத்தரும் ஒரு இடமும் போகக்கூடாது எண்டு. உதை ஒரு லட்சியம் எண்டு ஆரும் எழுதுவினமோ? நல்லதா ஒண்டை யோசிச்சுத் திங்கட்கிழமை எழுதுவம் எண்டு நினைச்சன்."

வெளியே சந்தை இரைந்தது. உதயகலா புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, கிட்ட வந்து, கேதீஸ்வரியின் கழுத்திலிருந்த நாடாவை உருவினார். கொண்டையிலிருந்த பென்சிலையும் உருவினார்.

"நிறம் பச்சைதானே? மாறேல்லையே?"

"பச்சைதான்."

"என்னட்டைப் பச்சைச் சீலை ஒண்டு கிடக்கு. புதன்கிழமை அதைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்திலை நிக்கிறாய். அதுக்குச் சட்டை தைக்கிறது நீதான், அளவு நான் எடுக்கிறன். எப்ப தைச்சு முடிப்பாய்?"

கேதீஸ்வரி கண்ணாடியைப் பார்த்தார். ஓரமெல்லாம் ஒட்டியிருந்த பொட்டுகளுக்கு நடுவே அவர்கள் இருவரும் தெரிந்தார்கள்.

"திங்கட்கிழமை" என்றாள் கேதி. சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.