செத்தவீட்டுப் படக்காரர் எடுத்த கிராட் படம்

பதினேழு வயதில் நடந்ததைச் சிறுவயதுக் கதை என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். அன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தைக் கேட்டால் ஏழு வயது என்று நீங்களே குறைத்துக் கொள்வீர்கள்.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருந்தோம். அங்கே சாமிப்படம் இல்லாத தமிழ் வீட்டைக்கூட நான் கண்டிருக்கிறேன். பிள்ளை பள்ளி முடிக்கும்போது எடுக்கிற கிராட் படம் இல்லாத வரவேற்பறையைக் கண்டதில்லை. கறுப்பு அங்கி, கையில் ரிப்பன் கட்டிய வெறும் கடதாசிச் சுருள், முகத்தில் இன்னும் எழுதாத சோதனையில் பாஸ் பண்ணிவிட்ட சிரிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கும் அந்தப் படம் சின்னதாகப் பள்ளி ஆண்டு மலரிலும் பெரிதாக வீட்டுச் சுவரிலும் ஏறிவிட்டால், பிள்ளை வளர்த்த வேலை முடிந்தது என்று பெற்றோர் மூச்சு விடுவார்கள்.

பள்ளியே ஒரு படக் கம்பனியை ஏற்பாடு செய்திருந்தது. என் சிநேகிதிகள் எல்லாரும் நேரம் பதிந்துவிட்டார்கள். நானும் படிவத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒரு சொல்லில் விரலை வைத்து, "உது என்ன, ரீடச்சிங்?" என்றார். பரு, தழும்பு எல்லாம் அழித்து, முகத்தையும் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தருவார்கள், அதுவும் சும்மா செய்து தருவார்கள் என்று நான் பெருமையாக விளக்கினேன். அம்மா படிவத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். அது அங்கேயே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது தேதி போய்விட்டது. கையெழுத்து விழவேயில்லை.

நான் கேட்காத கேள்வியா! எல்லாவற்றுக்கும் அம்மா "வேறை ஆளிட்டை எடுப்பம்" என்பதோடு சரி. ஆண்டு மலரைப் பொறுப்பெடுத்த ஆசிரியை, வெளியே எடுத்த படத்தை மூன்று கிழமைக்குள் கொண்டுவந்தால் போடலாம், இல்லாவிட்டால் என் பெயருக்கு மேலே ஒரு சாம்பல் நிறச் சதுரம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சதுரம் எனக்குக் கனவிலும் வந்தது. நாலு வருடம் படித்த பள்ளியில் எல்லாருக்கும் முகம் இருக்க எனக்கு மட்டும் சதுரம்!

பக்கத்துக் கட்டடத்தில் இருந்த பெரியம்மா கேள்விப்பட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். நான் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுத்தவர் குத்துக்கல்லுப்போல இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? அவர் எடுத்த படம் எங்கள் சுவரில் தொங்கியது. சேலையும் நகையுமாகப் பதின்மூன்று வயது நான். பின்னால் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிய நீர்வீழ்ச்சி. முகம் கோதுமைமா இடியப்பத்தின் நிறம். கைகளை வெளுக்க அந்த மனிதர் மறந்துவிட்டார். அவை மட்டும் என்னுடைய கைகளாகவே இருந்தன. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பெரியம்மா என் கன்னத்தைத் தடவுவார். தடவிய கையாலேயே முகம் வெளுக்கிற கிறீமை எடுத்துத் தருவார்.

முதலில் அவரிடமே போனோம். பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்குப் பின்னால் அவருடைய ஸ்டூடியோ. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா, பிள்ளையைச் சும்மா பால் மாதிரி ஆக்கித் தாறன்" என்றார். அம்மா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்திருந்தார். உடனே எழுந்து, "பிறகு வாறம் அண்ணை" என்றார். எங்கள் ஆட்கள் "பிறகு வாறம்" என்றால் இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்த சனிக்கிழமை யூனியன்வில். ஒரு வீட்டு பேஸ்மென்டில் கலியாணப் படம் எடுக்கும் இளம் பொடியன். என்னை ஒரு தடவை கிளிக் செய்து, டாப்லெட்டில் விரலால் ஒரு கோட்டை வலப்பக்கம் இழுத்துக் காட்டினான். இழுக்க இழுக்க என் முகம் விடிந்துகொண்டே போனது. உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, இதை முதல் இருந்த இடத்திலையே விடேலாதோ?" என்றார். "அப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை அன்ரி" என்று அவன் சிரித்தான். நாங்கள் மறுபடியும் பஸ் தரிப்பில் நின்றோம். மூக்கு விறைக்கிற குளிர். இரண்டு கிழமை போய்விட்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா, "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். எடுக்கிறவனிலை என்னப்பா பிழை?" என்றார். பெரியம்மாவும் இருந்தார். படப் பேச்சு வந்தால் அப்பாவின் விமான நிலையக் கதையும் வந்தே தீரும். அம்மாவின் படத்தைப் பார்த்துத்தான் அப்பா கலியாணத்துக்குச் சம்மதித்து இங்கே கூப்பிட்டவர். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்காரர் வெளுக்க வைத்து அனுப்பிய அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா காத்து நின்றாராம். பிளேனில் வந்த சனமெல்லாம் வெளியே வந்து கலைந்தும், படத்தில் இருந்த வெளுத்த பெண் வரவில்லையாம். கடைசியில், பெட்டியோடு தனியே நின்ற ஒரு பெண்ணிடம் போய்ப் படத்தை நீட்டி, "தங்கச்சி, உங்கடை பிளேனிலை இந்தப் பிள்ளை வந்தவவோ?" என்று கேட்டாராம்.

"அவ என்ன சொன்னவ தெரியுமே? 'அது நான்தான்' எண்டவ!"

மேசை குலுங்கியது. "கட்டப்போறவளைத் தங்கச்சி எண்ட மாப்பிள்ளை இவர் ஒராள்தான்" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்தார். நூறு தரம் கேட்ட கதைதான், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மூன்றாவதாக அம்மா என்னைக் கூட்டிப்போன இடத்தை நினைத்தால் நெடுங்காலம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோர்செட் பார்க்கில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. மன்னார்க்காரர், செத்தவீட்டுக்குப் படம் எடுக்கிறவர். முதியவர்களை வீடு தேடிப் போய் எடுத்து வைப்பார். பிறகு நினைவு மலரில் அந்தப் படம்தான் வரும். லிஃப்டுக்குள்ளேயே நான் கத்தினேன்: "எனக்கென்ன செத்தவீடோ? எந்த அம்மா இப்பிடிச் செய்வா?"

அம்மா அவருடைய ஆல்பத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, "இவ எங்களோடை கோயிலுக்கு வந்த அன்ரியெல்லோ! அப்பிடியே இருக்கிறா" என்றார்.

"மாத்தி எடுத்தா வீட்டுக்காரருக்கே ஆளைத் தெரியாமல் போயிடும் அக்கா" என்றார் அவர்.

"அப்ப நீங்களே எடுங்கோ."

அவர் தேடி எடுத்துத் தந்த அங்கி எனக்கு இரண்டு சுற்றுப் பெரிது. முதுகுப்பக்கம் உடுப்புக் காயப்போடும் கிளிப் நாலு குத்தி இறுக்கினார். பிறகு அரைமணி நேரம் விளக்குகளை நகர்த்தினார். முன்னுக்கு, பின்னுக்கு, சுவரைப் பார்த்து, திரும்பவும் முன்னுக்கு. பொறுக்க முடியாமல், முகத்தை எந்தப் பக்கம் திருப்ப என்று கேட்டேன். "நீர் பேசாமல் இரும் பிள்ளை. லைற்றைத்தான் மாத்தவேணும், முகத்தை இல்லை" என்றார். சிரிக்கவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு கிளிப் தெறித்து அவருடைய மொட்டைத் தலையில் பட்டது, எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அந்தக் கணத்தில் அழுத்திவிட்டார்.

கடைசி நாளில் படம் வந்தது. சதுரத்திலிருந்து தப்பிவிட்டேன். ஆனால் சிநேகிதிகளின் படங்கள் எல்லாம் பளிங்குபோல இருக்க, என் படத்தில் இருந்தது நான். என் நிறம். பனியில் வழுக்கி விழுந்ததில் வந்த புருவத் தழும்பு. தெற்றுப் பல். வீட்டுக்கு வந்து பெரிய படத்தை மேசையில் எறிந்து, "உங்களாலைதான் நான் இப்பிடிக் கறுப்பா வந்திருக்கிறன்!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

அம்மா படத்தை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"ஓம். நீதான்" என்றார்.

"பின்னை ஆராம்?" என்று கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனேன். வெளியே வந்தபோது நீர்வீழ்ச்சி சுவரில் இல்லை. அதே ஆணியில் என் கிராட் படம் தொங்கியது.

கோபத்துக்கு வயதாகாது, அது வீடு மாறும், அவ்வளவுதான். என் கோபம் இப்போது அம்மாவையும் மன்னார்க்காரரையும் விட்டுவிட்டது. முகம் தெரியாத அந்த யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்காரர்மேல் இருக்கிறது. சொந்தப் படத்தை இன்னொருத்தியின் படமாகக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு பெண்ணின் கதையை இத்தனை வருடம் பலகாரம்போலப் பரிமாறிய அப்பாமேல் இருக்கிறது. மிச்சம் முழுவதும் என்மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அப்பா வழக்கம்போலக் கதையில் விமான நிலையத்துக்குப் போய் நின்றார். அம்மா ஒவ்வொருவரின் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி" என்ற இடம் வர எல்லாரையும்விட நான்தான் பெரிதாகச் சிரித்தேன். அம்மா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.