ஒரு தெருவுக்கு ஒரு வயிறு

வீடு வீடாகப் போய் மலம் கேட்டு வாங்குவது என் தொழில். மீட்டர் பார்க்கிறவர்களும் ரேஷன் கார்டு சரிபார்க்கிறவர்களும் என் இனம். கதவு திறக்கும் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வழியாகப் பரவி சீதபேதி உண்டாக்கும் அமீபா, போடிப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பேர் குடலில் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம்.

டப்பா கொடுத்த மாலை

சிலமலையில் ஒரு தெரு. அங்குள்ள பெண்கள் விடிந்ததும் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். ஆளுக்கொரு டப்பா கொடுத்து, அமீபா என்ற கிரேக்கச் சொல்லின் பிறப்பிலிருந்து விளக்கத் தொடங்கினேன். கேட்டவர்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கலைந்ததும் செல்வி என்பவள் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"வகுத்துல பூச்சி இருக்குன்னு தோட்டத்துக் கங்காணி காதுக்குப் போச்சுன்னா, மறுநா ஜீப்புல எனக்கு எடம் இருக்காதுண்ணே."

ஓடையில்

தோட்டத்துத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க நானும் அதே ஜீப்பில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்க்காமலிருக்க கண்ணை மூடிக்கொண்டேன். தோட்டத்தில் ஓடை பளிங்கு மாதிரி ஓடியது. அதற்கு மேலே, செடி மறைவில்தான் ஆட்கள் ஒதுங்குவார்கள், கழிப்பறை கிடையாது. கலங்கிய தண்ணீரை எவரும் குடிக்க மாட்டார்கள் என்பதால், தெளிந்த தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். செல்வி ஒரு பெரிய கேனை ஓடையில் அமுக்கி நிரப்பிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டு, காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன்.

"கொழாத்தண்ணி உப்புக் கரிக்குதுன்னு எம்மக கார்த்திகா இதத்தாண்ணே குடிப்பா. காய்ச்சுனா தொட மாட்டா."

லேபில்

டப்பாக்கள் ஒன்றுவிடாமல் நிரம்பி வந்தன. இந்தத் தொழிலில் அப்படி நடப்பதே சந்தேகத்துக்குரியது. தெருவில் ஒருவருக்கும் அமீபா இல்லை. இதையே எழுதி அனுப்பினால் அந்தத் தெருவுக்கு மருந்தும் வராது, ஓடையை யாரும் எட்டியும் பார்க்க மாட்டார்கள். நுண்ணோக்கி பார்க்கும் மேரி டப்பாக்களை வரிசையாக வைத்துக் காட்டினாள். நிறம் ஒன்று, கெட்டி ஒன்று, உள்ளே கிடந்த மக்காச்சோளத் தோல்கூட ஒன்று.

"ஏண்ணே, அந்தத் தெருவுல ஒருத்தர் மட்டுந்தான் வெளிக்குப் போறாரா?"

செல்வி வீட்டில்

கேட்டதும் செல்வி மறைக்கவில்லை. அவள் கொழுந்தன் லாரி ஓட்டுகிறவர், மலைத் தண்ணீர் தொடாதவர், கல்லுப் போன்ற வயிறு. தெருவே அவரிடம் வாங்கி நிரப்பியிருக்கிறது. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே முனகல் கேட்டது. கார்த்திகா பாயில் சுருண்டு கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது. சீதமும் ரத்தமுமாகப் போகிறதாம். அமீபா ஈரல்வரை போகும் என்று படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்?

"கணக்கு கெடக்கட்டும்மா. வெரசா கெளம்பு, போடி ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சோலிக்கு வரலைன்னா கங்காணி கேப்பாரேண்ணே."

"காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

பைக்கில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் போனோம். தலை என் முதுகில் துவண்டு துவண்டு விழுந்தது. டிரிப் ஏறி, அமீபா என்று உறுதியாகி, மருந்து கொடுத்த பிறகு பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டது. செல்வி கையில் மறைத்து வைத்திருந்த டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இது என்னோடதுதாண்ணே, சத்தியமா, ஆனா பேரு மட்டும் எழுதிறாதீங்க."

ஆகவே எங்கள் அறிக்கையில் நோயே இல்லாத தெரு என்று எதையாவது பார்த்தால், அங்கே கல்லு வயிற்றுக்காரர் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.